நல்ல எஞ்சினை மூடிய கேப்டன்

உங்களில் பாதிப் பேர் என்னை நேரில் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் பற்றிய ஒரு கதை நம் ஹாங்கர் கொட்டகையில் இன்னும் உலவுகிறது என்று, போன மாதம் மைசூர் விஜயநகரில் என் வீட்டுக்கு வந்திருந்த உங்கள் சக ஊழியர் ஒருவர் சொன்னார். விமானம் தயார் என்று கையெழுத்துப் போட்ட பிறகு மாதேசன் டீ குடிக்கப் போகமாட்டான், நேராக ஓடுபாதை ஓரத்தில் போய் நின்றுகொள்வான், விமானம் ஏறிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நகரமாட்டான், மழை பெய்தாலும் அப்படித்தான் என்று. சிலர் அதைப் பக்தி என்றார்களாம். சிலர் பயம் என்றார்களாம். எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவர், வேலைக்கு டிமிக்கி கொடுக்க இவனுக்கு இது ஒரு சாக்கு என்றே சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் அப்போதே பதில் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத முடியாது.

பக்தியும் இல்லை, சாக்கும் இல்லை. பயம் கொஞ்சம் உண்டு. அது எங்கே தொடங்கியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எஞ்சினைக் கழற்றுவது, மாட்டுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, என்னைவிட நன்றாகவே இருக்கின்றன.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நான் கொள்ளேகால்காரன். அப்போது கொள்ளேகால் மதராஸ் ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆகவே மைசூர் எங்களுக்குப் பக்கத்து ஊர், ஆனால் வேறு ராஜ்யம். எஞ்சின் வேலை படித்துத் தேறி, நஞ்சன்கூடு சாலையில் ஊருக்கு வெளியே இருந்த விமானத் திடலில் ஒரு சர்வே பிரிவில் சேர்ந்தேன். அணை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் காட்டை அளக்கவும் மேலேயிருந்து படம் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. புது நாட்டுக்கு எல்லாமே அவசரமாக வேண்டியிருந்தது. எந்த ஆறு எங்கே திரும்புகிறது என்பதைக்கூட நாங்கள் பறந்து பார்த்துச் சொன்னால்தான் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நம்பினார்கள்.

அதற்காக எங்களுக்குக் கிடைத்தவை போரில் மிச்சமான இரண்டு சண்டை விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எஞ்சின். உடம்பு முழுக்க மரம். சிரிக்காதீர்கள். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மெல்லிய பலகைகளைப் பசை போட்டு ஒட்டி அந்த விமானத்தைச் செய்தார்கள். மேஜை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகளில் அதன் இறக்கைகள் தயாராயின. மரம் என்பதால் எடை குறைவு. எடை குறைந்த உடம்பில் இரண்டு பெரிய எஞ்சின்களை மாட்டியதால் அதைத் துரத்திப் பிடிக்க அந்தக் காலத்தில் ஆள் குறைவு. முன்னால் சின்ன அறை, அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். இடது பக்கம் பைலட், வலது பக்கம் அவருடைய துணை. மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது.

போரில் அது செய்யாத வேலை இல்லை. இரவில் மூக்கில் ராடாரை வைத்துக்கொண்டு குண்டுவீச்சு விமானங்களை வேட்டையாடியது. பகலில் தாழப் பறந்து ரயில் எஞ்சின்களையும் பர்மாவின் ஆற்றுப் படகுகளையும் சுட்டது. கடலில் கப்பல்களை விரட்டியது. சில சமயம் துப்பாக்கியே இல்லாமல், காமிராவை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு, எதிரியின் தலைக்கு மேலே போய்ப் படம் எடுத்துவிட்டு, தன் வேகத்தை மட்டுமே நம்பித் திரும்பி வந்தது. எங்களிடம் வந்தபோது துப்பாக்கிகளைக் கழற்றியிருந்தார்கள். குழல்கள் இருந்த துளைகளை மூடிய பலகை, பெயிண்டுக்கு அடியில் லேசாக மேடு தட்டித் தெரியும். காலையில் முதல் வேலையாக நான் அந்த மேட்டைத் தடவிப் பார்ப்பேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. ஹாங்கர் கதவைத் தள்ளினால் பெட்ரோல் வாசனையோடு மரப்பட்டறை வாசனையும் சேர்ந்து வரும். சாமுண்டி மலையில் பனி கலையாமல் இருக்கும். சாமராஜநகர் போகிற ரயில் திடலைத் தாண்டும்போது கூவும், ஜன்னலோரத்துப் பிள்ளைகள் எங்களுக்குக் கையாட்டும். நாங்களும் எண்ணெய்க் கையை ஆட்டுவோம். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் ஒரு நாள்கூட வேலைக்குப் போக அலுப்பாக இருந்ததில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு இடம் வாய்த்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

எங்கள் பைலட்டை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். பேரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் வீட்டார் விரும்புகிறார்கள், அதனால் நானும் சொல்லவில்லை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். போரில் இதே ஜாதி விமானத்தை பர்மா எல்லையில் ஓட்டியவர். தமிழில் தொடங்குவார், பாதியில் கன்னடத்துக்குப் போய், முடிக்கும்போது எதற்கும் 'அல்வா' என்பார். 'இல்லையா' என்பதற்குக் கன்னடம். சேர்ந்த புதிதில் இவர் ஏன் பேச்சுக்குப் பேச்சு இனிப்புக் கேட்கிறார் என்று நான் யோசித்திருக்கிறேன். முன்கோபம் உண்டு. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விடுவார். அது சத்தத்தைவிட மோசம்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வேலை எதுவும் செய்து முடித்த பிறகு விமானம் முதல் தடவை ஏறும்போது, 'பறக்கத் தகுதியானது' என்று யார் கையெழுத்துப் போட்டாரோ அவர் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து கூடவே போக வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் கேப்டன்தான். பர்மா எல்லையின் ஈரத்திலும் வெக்கையிலும் பசை விட்டுப்போய் இறக்கை பிய்ந்துகொள்கிறது என்று போர்க்காலத்தில் ஒரு பேச்சு கிளம்பியதாம். பைலட்டுகள் ஏறத் தயங்கினார்கள். அவர்களுடைய எஞ்சினியர் ஒன்றும் பேசாமல், கையெழுத்துப் போட்ட கையோடு ஏறி உட்கார்ந்துகொண்டாராம். அதிலிருந்து அது அங்கே வழக்கமாகி, கேப்டனோடு மைசூருக்கும் வந்துவிட்டது. நானும் பல தடவை போயிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இருந்ததில்லை. என் கையெழுத்து, என் உயிர், கணக்கு சரியாக இருந்தது. அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.

அந்த விமானத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது உங்களுக்குப் புரியாது.

இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்றுதான் ஊர் நினைக்கும். மேலே, நல்ல வேகத்தில் போகும்போது அது உண்மை. ஆனால் தரையை விட்டு அப்போதுதான் எழும்பியிருக்கும்போது கதை வேறு. இடது எஞ்சின் நின்றால், வலது எஞ்சின் தன் பக்கத்தை மட்டும் முழு பலத்தோடு முன்னால் தள்ளும். விமானம் இடது பக்கம் திரும்பும், அப்படியே புரளும். வாலைத் திருப்புகிற ரட்டர் மிதியைப் பைலட் முழுக்க அழுத்தினாலும், வேகம் ஏறாத நிலையில் வால் சொன்னபடி கேட்காது. எஞ்சின்கள் பெரியவை, உடம்பு லேசானது என்பதால் இந்த விமானத்தில் அந்த ஆபத்தான நேரம் நீளமானது. போரில் அதற்கு வேகத்தைக் கொடுத்த அதே அமைப்புதான் இங்கே ஆளைக் கொன்றது.

பர்மா எல்லையில் கேப்டனின் நண்பர் ஒருவர் அப்படித்தான் போனார். ஓடுபாதையில் அவருக்கு அடுத்து ஏறுவதற்காகக் கேப்டன் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் போனவருக்கு ஒரு எஞ்சின் நின்றது. விமானங்களுக்குப் பஞ்சமான நேரம், எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று அவர் நல்ல எஞ்சினை முழுக்கத் திறந்தே வைத்திருந்தார். கேப்டன் கண் முன்னாலேயே அது கவிழ்ந்து தலைகீழாக இறங்கியது. அவர் எனக்கு இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் நான் கேட்டதற்கு. "கெட்டுப்போன எஞ்சின் அவனைக் கொல்லலை, மாதேசா. நல்ல எஞ்சின்தான் கொன்னுச்சு" என்றார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். மே மாதக் கடைசி. மேற்கே மேகம் திரள ஆரம்பித்துவிட்டது. மழை இறங்கிவிட்டால் அப்புறம் மாதக் கணக்கில் படம் எடுக்க முடியாது. மேலிடத்திலிருந்து தினமும் நெருக்கடி. இந்த நேரம் பார்த்து ஒரு விமானத்துக்கு இடது எஞ்சினை மாற்ற வேண்டி வந்தது. மாற்றினோம், ஓட்டிப் பார்த்தோம், எல்லாம் சுத்தமாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், வழக்கப்படி வலது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

விமானம் நஞ்சன்கூடு திசையில் ஓடி எழும்பியது. சக்கரங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அப்போது இடது எஞ்சின் நின்றுவிட்டது. இருமலோ, திக்கலோ எதுவும் இல்லை. சத்தத்தில் பாதி திடீரென்று காணாமல் போனது, அவ்வளவுதான். உடனே மூக்கு இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் ஓட்டு வீடுகளோடு ஒரு ஊர் இருந்தது. அந்த வீடுகள் எங்கள் பக்கம் சாய்ந்து வருவதை நான் பார்த்தேன்.

கேப்டனின் வலது கால் மிதியின் கடைசி வரைக்கும் போயிருந்தது. தொடை நடுங்குவது தெரிந்தது. அவர் கை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மேல் இருந்தது. அது முன்னால் போகும், இருக்கிற ஒரு எஞ்சினையாவது பிடித்துக்கொள்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். என் உடம்பு முழுக்க அதையே வேண்டிக்கொண்டது. அவர் அதைப் பின்னால் இழுத்தார். ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சினை மூடிவிட்டார்.

ஒரே அமைதி. விமானம் நிமிர்ந்தது. வீடுகள் பழையபடி நேராக நின்றன. எங்களுக்கு முன்னால் உழுது போட்ட ராகி நிலம். அதில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கினோம். மரம் முறிகிற சத்தம் என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நாங்கள் இருந்த அறை மட்டும் முழுசாக நின்றது. நிலத்துக்காரர் வரப்பு மேல் ஓடி வந்து, "யாரிகூ ஏனூ ஆகில்ல தானே?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் அவர் கவலை. தன் நிலம் பாழானது அவருக்குக் கண்ணில் படவே இல்லை. அவர் கொடுத்த தண்ணீரைக் குடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

விசாரணை வந்தது. அதிகாரி மதராஸ்காரர். அவரும் பைலட்தான், இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்தைப் பல வருஷம் ஓட்டியவர். அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்மையான மனிதர், யார் சொல்லுக்கும் வளைகிறவர் இல்லை. முதலில் இடது எஞ்சினைப் பிரிக்கச் சொன்னார். எரிபொருள் பம்புக்குள் ஒரு தண்டு முறிந்திருந்தது. உலோகத்தில் உள்ளேயே இருந்த குறை, வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாது. என் மேல் தவறில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தபடியாக வலது எஞ்சினைப் பிரித்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அங்கேதான் வினை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பைலட் தானே மூடியிருக்கிறார். அரசாங்கச் சொத்து நொறுங்கிப் போயிருக்கிறது, சர்வே வேலை மழைக்கு முன் முடியாமல் நின்றிருக்கிறது. "ஒரு எஞ்சின்ல நான் எத்தனையோ தடவை ஊர் வந்து சேர்ந்திருக்கேன்" என்றார் அதிகாரி. அவர் சொன்னது உண்மை. அவருடைய சாதுவான பெரிய விமானத்தில் அது முடியும். பதற்றத்தில் பைலட் தவறான எஞ்சினை மூடிவிட்டார் என்றுதான் அவர் எழுதப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்படி எழுதினால் கேப்டனின் லைசென்ஸ் போய்விடும். பறப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர் அவர். அந்த ஒரு காகிதத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

எங்கள் ஆட்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான், வலது எஞ்சினும் திக்கியது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று முடித்துவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என் உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு பொய்கூடச் சொல்லமாட்டேனா? கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் பழைய துணியால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லி கேளு, மாதேசா" என்றார், இங்கே கேள் என்று. "நான் மூடினேன். தெரிஞ்சேதான் மூடினேன். அதுவும் நின்னுபோச்சுன்னு நீ சொன்னா நான் தப்பிச்சுக்குவேன். ஆனா நாளைக்கு இதே சீட்டுல இன்னொருத்தன் உக்காருவான். அவன் நல்ல எஞ்சினைத் திறந்து வெச்சுக்கிட்டுச் சாவான். அல்வா?"

பயந்தேனா, வருத்தப்பட்டேனா என்று தெரியவில்லை. "ஆகட்டுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை அறையில் என்னைக் கூப்பிட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். நல்ல எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் தெரிந்தேதான் மூடினார், மூடியதால்தான் நான் உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். உன் விசுவாசம் புரிகிறது, ஆனால் நீ பைலட் இல்லையே என்றார். மேஜை மேல் அறிக்கை தட்டச்சு செய்து தயாராக இருந்தது. மாலை ரயிலுக்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே அவர் பேனாவைத் திறந்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "சார், ஒரு வார்த்தைங்க" என்றேன். "எங்க பிரிவுல ஒரு வழக்கமிருக்குதுங்க. கையெழுத்துப் போடறவங்க ஏறி உக்காரோணுமுங்க."

சின்னப் பையன் வாய் நீளுகிறது என்று எங்கள் மேலதிகாரி என்னை முறைத்தார். நான் விடவில்லை. இன்னொரு விமானம் தயாராக இருக்கிறது, போதுமான உயரத்துக்குப் போய், தரையிலிருந்து எழும்பும்போது இருக்கிற அதே வேகத்தை வைத்துக்கொண்டு, வலது எஞ்சினை முழுக்கத் திறந்தே வைத்து, இடது எஞ்சினை மூடிப் பார்க்கலாம், பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றேன். அதிகாரி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அதை மூடி வைத்தார். அவரும் பைலட் அல்லவா, மேலே போய்ப் பார்க்கலாம் என்று சொன்னால் மறுக்க மனசு வராது. விசாரணைக்காக ஒரே ஒரு பறப்பு, கேப்டன் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றார்.

அன்றிரவே அந்த விமானத்தை ஒவ்வொரு அங்கமாகப் பார்த்தேன். இதற்கும் அவ்வப்போது பெரிய வேலை நடந்திருந்தது, இதிலும் அதே ரகப் பம்புதான் இருந்தது. கழற்றி உள்ளே பார்த்து, திருப்பி மாட்டி, மறுபடியும் பார்த்தேன். காலையில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் வலது பக்கக் கதவுக்குப் போனேன். அதிகாரி ஏற்கெனவே என் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை என்று நான்தான் உங்களுக்கு முன்னாலேயே சொன்னேனே.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே நின்றேன்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? உள்ளே உட்கார்ந்திருந்தால் பயப்பட நேரம் இருக்காது. கீழே நின்றால் நேரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த இரண்டு பேரும் என் ஒரு கையெழுத்தை நம்பி ஏறியிருந்தார்கள். நான் இறுக்கிய ஒவ்வொரு நட்டும் நினைவுக்கு வந்தது. இறுக்கியது நிஜமா, இறுக்கியதாக நினைப்பா என்று சந்தேகம் வந்தது. விமானம் சாமுண்டி மலைக்கு மேலே உயர்ந்து உயர்ந்து ஒரு புள்ளியாகிவிட்டது. பிறகு சத்தம் பாதியானது. வெயிலில் இறக்கை ஒரு தடவை மின்னியது, புரண்டு மறுபடி மின்னியது, நிறைய உயரம் இறங்கி நிமிர்ந்தது. திரும்ப ஏறியது. மறுபடியும் அதே மாதிரி. நாம் ஏன் அந்த வாயைத் திறந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ரயில் கூவிக்கொண்டு போனது, பிள்ளைகள் கையாட்டியிருப்பார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கி வந்து நின்றதும் அதிகாரி உடனே இறங்கவில்லை. இறங்கியபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என்னிடம் தண்ணீர் கேட்டார். கேப்டன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னாத்தான் நல்ல எஞ்சினை மூடுவேன், அதுவரைக்கும் தொடமாட்டேன்னு கேப்டன் மேலேயே சொல்லிட்டார்" என்றார் அதிகாரி. குவளையைக் கீழே வைத்தார். "முதல் தடவை, அவர் மிதியைச் சரியா அழுத்தலைன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை அவர் காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மூடுங்கன்னு நான்தான் கத்தினேன், தம்பி. ரெண்டு தடவையும் நான்தான் கத்தினேன்."

தயாராக இருந்த அறிக்கையை அவர் எல்லோர் முன்னாலும் கிழித்தார். புதிதாகத் தன் கையாலேயே எழுதினார். பைலட் நல்ல எஞ்சினை மூடியது பதற்றத்தால் இல்லை, அந்த நிலையில் அதைத் தவிர வேறு வழி இல்லை, அவருடைய இடத்தில் இருந்தபோது நானும் அதையே செய்யச் சொன்னேன் என்று எழுதியிருந்தார். ஒரு பெரிய அதிகாரி, தான் முதலில் நினைத்தது தப்பு என்று தன் பெயரைப் போட்டு எழுதியதை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நீங்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறீர்களோ எனக்குத் தெரியாது. நெருக்கடியில் எதைப் பிடித்துக்கொள்வது என்று யோசிப்போம், எதை விடுவது என்று யோசிக்கமாட்டோம். கேப்டன் விட்டார். விமானத்தை விட்டார், நல்ல பெயரையும் விட்டார், என்னைப் பிடித்துக்கொண்டார். ஒருவேளை பர்மா எல்லையில் நண்பரைப் பறிகொடுத்த அன்றைக்கே அவர் கை அதைப் படித்திருக்கும். நாம் அவ்வளவு விலை கொடுக்காமல் படித்துக்கொள்ளலாம், அதற்குத்தான் இந்த மாதிரிக் கதைகள்.

அன்று சாயங்காலம் அதிகாரி ரயிலேறிய பிறகு, கேப்டனும் நானும் திடலில் இருந்தோம். முதல் மழை மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றால் பொய் இல்லை. அவர் அதைச் சொல்லவே இல்லை.

"கீழே நின்னப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"செத்துப் பொழச்சேனுங்க சார். இனிமே நானேதான் கூட வருவேனுங்க."

அவர் சிரித்தார். "வர முடியாது, மாதேசா. பெரிய விமானமெல்லாம் வரப்போவுது. நிறையப் பேர் ஏறுவாங்க, உனக்குச் சீட்டு இருக்காது. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க. அப்பவும் இன்னைக்கு மாதிரியே நின்னுக்கோ. அல்வா?"

பெரிய விமானங்கள் வந்தன. எனக்குச் சீட்டு இருக்கவில்லை. நான் நின்றேன்.